பன்றியின் பரிவு நரம்பு செல்லுக்குள் இத்தனை வேதிப்பொருள் எதற்கு?

திசுவியல் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். கால்நடை உடற்கூறியலில் முதுநிலை படிக்கிறேன். பன்றியின் வயிற்றுப் பகுதி நரம்பு முடிச்சுகளை (நரம்பு செல்கள் கொத்தாக இருக்கும் இடங்கள்) ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டி சொன்னார். படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு விஷயம் பிடிபடவில்லை, இங்கே கேட்டால் தெளிவு கிடைக்கும் என்று எழுதுகிறேன்.

பரிவு நரம்பு நுனியில் நார்அட்ரினலின், எதிர்ப்பரிவு நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின். பள்ளியிலிருந்து இப்படித்தான் படித்து வந்திருக்கிறேன். ஆனால் போலந்தில் ஓல்ஷ்டின் நகரத்து வார்மியா மசூரி பல்கலைக்கழகக் கால்நடைத் துறையினர் பல பத்தாண்டுகளாகப் பன்றியில் செய்திருக்கும் வேலைகளைப் பார்த்தால் படம் வேறாக இருக்கிறது. பின் மிசென்டெரிக் நரம்பு முடிச்சில் ஒரு செல் நார்அட்ரினலின் தயாரிக்கும் நொதிகளையும் காட்டுகிறது, நியூரோபெப்டைடு ஒய்யையும் காட்டுகிறது. பக்கத்துச் செல்லில் கேலனின். இன்னொன்றில் சொமாட்டோஸ்டாட்டின், வேறொன்றில் என்கெஃபலின். நொதிகளைத் தவிர மற்றதெல்லாம் பெப்டைடுகள், அதாவது குட்டையான அமினோ அமிலச் சங்கிலிகள். சிறுநீர்ப்பைக்குப் போகும் செல்லுக்கும் கர்ப்பப்பைக்குப் போகும் செல்லுக்கும் இந்தக் கலவை வேறுபடுகிறது.

ஒரு செல்லுக்கு இத்தனை பொருள் எதற்கு? எல்லாவற்றையும் உண்மையில் வெளியே விடுகிறதா? அப்புறம், இந்தத் துறையில் எங்கே பார்த்தாலும் பன்றி வருகிறதே, அது ஏன்?

மருந்தியல் (ஓய்வு)

நல்ல கேள்வி, அம்மா. பாடநூலில் இருப்பது தவறில்லை, ஆனால் பாதிதான். 1921இல் ஓட்டோ லோவி தவளை இதயத்தை வைத்து, நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தை மெதுவாக்குகிறது என்று காட்டினார். 1946இல் உல்ஃப் வான் ஆய்லர், பரிவு நரம்பின் கடத்தி, அதாவது செய்தியைக் கடத்தும் பொருள், நார்அட்ரினலின் என்று நிறுவினார். இந்த இரண்டும் அவ்வளவு அழகாகப் பொருந்தியதால் "ஒரு நரம்பு செல், ஒரு கடத்தி" என்ற எண்ணம் கெட்டிப்பட்டுவிட்டது. நாங்கள் படித்தபோதும் அதுவே வேதவாக்கு. 1976இல் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக், சில நரம்பு செல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கடத்திகளை வெளியிடுகின்றனவா என்று ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டார். மறுவருடமே தோமஸ் ஹொக்ஃபெல்ட் குழு, கினிப்பன்றியின் பரிவு முடிச்சில் நார்அட்ரினலின் செல்களுக்குள்ளேயே சொமாட்டோஸ்டாட்டினைச் சாயமேற்றிக் காட்டியது.

இனி பன்றிக்கு வருகிறேன். நீங்கள் பட்டியலிட்ட பெப்டைடுகளில் பெரும்பாலானவை முதன்முதலில் பன்றியின் உடலிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டன. ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் விக்டர் முட் என்ற வேதியியலாளர் இருந்தார், எஸ்டோனியாவில் பிறந்தவர். இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் பன்றிக் குடலை வேகவைத்து, சாறு எடுத்து, படிப்படியாகத் தூய்மைப்படுத்துவது அவர் ஆய்வகத்தின் முறை. வேகவைப்பது எதற்கென்றால், பெப்டைடை வெட்டிப்போடும் நொதிகள் சூட்டில் செயலிழந்துவிடும். கிலோ கணக்கான திசுவிலிருந்து கிடைப்பது மைக்ரோகிராம், மில்லிகிராம் அளவுதான். எலியையோ கினிப்பன்றியையோ வைத்து அந்த அளவுக்குத் திசு திரட்ட முடியாது. பன்றிக் குடலுக்கு ஐரோப்பாவில் பஞ்சமே இல்லை.

நுரையீரல் சாற்றில் ரத்தக் குழாயை விரிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற துப்போடு சாமி சயீத் முட்டிடம் போனார். 1970இல் இருவருமாகப் பன்றிச் சிறுகுடலிலிருந்து வி.ஐ.பி. (ரத்தக் குழாயில் செயல்படும் குடல் பெப்டைடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற 28 அமினோ அமில பெப்டைடைப் பிரித்தார்கள். முதலில் அதைக் குடல் ஹார்மோன் என்றே நினைத்தார்கள், அது நரம்பு செல்களுக்குள் இருக்கிறது என்பது சில வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பிறகு அதே ஆய்வகத்தில் கசுஹிகோ தத்தேமோட்டோ ஒரு புதுவழி பிடித்தார். அதுவரை ஒரு சாறு என்ன விளைவைத் தருகிறது என்று பார்த்து, அந்த விளைவைத் துரத்திக்கொண்டே பெப்டைடைத் தேடினார்கள். இவர் விளைவைப் பார்க்கவே இல்லை. செயல்படும் பெப்டைடுகள் பலவற்றின் வால் முனையில் அமைடு இருக்கிறது, ஆகவே அமைடு வால் உள்ளதையெல்லாம் வேதிமுறையில் தேடுவோம் என்றார். அந்த வலையில் அடுத்தடுத்து விழுந்தவை: பன்றிக் குடலிலிருந்து பெப்டைடு ஒய்ஒய்யும் பி.எச்.ஐ.யும், 1982இல் பன்றி மூளையிலிருந்து நியூரோபெப்டைடு ஒய், 1983இல் மறுபடி குடலிலிருந்து கேலனின். என்ன வேலை செய்கிறது என்று தெரியாமலே ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நம் உடலின் ரத்தக் குழாய் நரம்புகளில் நிறைந்திருக்கும் நியூரோபெப்டைடு ஒய் இப்படித்தான் உலகுக்குத் தெரியவந்தது.

என்கெஃபலினும் பன்றி மூளையில் கிடைத்ததே. 1975, ஸ்காட்லாந்தில் அபர்தீன், ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும்.

கேள்விக்குறி

வரலாறு எல்லாம் சரி, மாணவியின் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாயம் ஏறுகிறது என்பதாலேயே அந்தப் பொருள் அங்கே வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. இந்தத் துறையின் கட்டுரைகளில் பாதிக்கு மேல் "இத்தனை சதவீத செல்களில் இது இருந்தது, அது இருந்தது" என்பதோடு முடிந்துவிடுகின்றன. சாயமேற்றப் பயன்படும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளைப் பிடிக்கும் புரதம்) எதைப் பிடிக்கிறது என்பதே பல சமயம் உறுதியில்லை. நியூரோபெப்டைடு ஒய்யின் வால்பகுதியும் பெப்டைடு ஒய்ஒய்யின் வால்பகுதியும் கிட்டத்தட்ட ஒன்று, ஒன்றுக்குச் செய்த ஆன்டிபாடி மற்றதையும் பிடிக்கும். நரம்பைத் தூண்டியபோது பெப்டைடு வெளியே வந்தது, வந்து ஒரு வேலை செய்தது, தடுத்தபோது அந்த வேலை நின்றது: இந்த மூன்றையும் பன்றியில் யாராவது காட்டியிருக்கிறார்களா?

மருந்தியல் (ஓய்வு)

காட்டியிருக்கிறார்கள். பன்றியின் மண்ணீரலில்.

கரோலின்ஸ்காவில் யான் லுண்ட்பெர்க் குழு செய்த வேலை, 1986இல் வந்தது. மயக்கத்தில் இருக்கும் பன்றியின் மண்ணீரல் நரம்பைத் தூண்டி, வெளியே வரும் சிரை ரத்தத்தில் நார்அட்ரினலினையும் நியூரோபெப்டைடு ஒய்யையும் தனித்தனியாக அளந்தார்கள். நரம்பை மெதுவாகத் தட்டும்போது முன்னது எளிதாக வந்தது. வேகமான அதிர்வுக் கொத்துகளாகத் தூண்டியபோது பெப்டைடின் பங்கு உயர்ந்தது. அதாவது ஒரே நரம்பு, தான் எவ்வளவு அவசரமாகத் துடிக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு கலவையைச் சுரக்கிறது.

அதன் பிறகு அவர்கள் ரெசர்பின் கொடுத்தார்கள். ரெசர்பின், நார்அட்ரினலினைப் பைகளுக்குள் ஏற்றும் பம்பை அடைத்துவிடும், கொஞ்ச நேரத்தில் கிடங்கு காலி. பழைய பாடப்படி பார்த்தால் இனி அந்த நரம்பைத் தூண்டினாலும் ரத்தக் குழாய் சுருங்கக் கூடாது. ஆனால் சுருங்கியது. மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நீடித்தது, நியூரோபெப்டைடு ஒய்யும் வந்துகொண்டிருந்தது. கேள்விக்குறி கேட்ட மூன்றாவது படிக்குத் தடுப்பு மருந்து வேண்டும், அது 1990களின் நடுவில்தான் கிடைத்தது. பி.ஐ.பி.பி. 3226 என்று பெயர், நியூரோபெப்டைடு ஒய் வந்து ஒட்டும் ஒய்1 ஏற்பியை அடைப்பது. ரெசர்பின் கொடுத்த பன்றியில் இதைச் செலுத்தியபோது அந்த நீடித்த சுருக்கம் குறைந்தது. 1995 வாக்கில் வெளிவந்த முடிவு. ஆக மூன்று படியும் பன்றியிலேயே நடந்திருக்கிறது.

இது ஏன் இப்படி என்பதற்குச் செல்லின் அமைப்பில் பதில் இருக்கிறது. நார்அட்ரினலின் சிறு பைகளில் இருக்கிறது, நுனியிலேயே தயாராகிறது, வெளியே விட்டதில் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சிக்கொள்ளப்படுகிறது. பெப்டைடு பெரிய, அடர்ந்த மையம் கொண்ட பைகளில் இருக்கிறது. அதை நுனியில் தயாரிக்க முடியாது, செல்லின் உடலில்தான் புரதமாகச் செய்து, வெட்டி, பையில் அடைத்து, ஆக்சான் என்ற நீண்ட இழை வழியே அனுப்ப வேண்டும். வேகமான கடத்தலே நாளுக்கு 400 மில்லிமீட்டர் அளவுதான். நம் வீட்டுக் கிணறும் லாரித் தண்ணீரும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: கிணறு ஊறிக்கொண்டே இருக்கும், லாரி வந்த பிறகு தீர்ந்தால் அடுத்த லோடு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் செல் அதைச் சும்மா திறப்பதில்லை. பெரிய பைகள் சினாப்ஸ் வாயிலிலிருந்து தள்ளி இருக்கின்றன. நுனி முழுவதும் கால்சியம் ஏறும் அளவுக்குத் தொடர்ந்து துடித்தால்தான் அவை திறக்கும்.

உயிரியல் ஆசிரியை

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ரெசர்பின் என்றால் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுப்பதுதானே? பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தச் செடியைப் பற்றி ரத்த அழுத்த மருந்து என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்.

மருந்தியல் (ஓய்வு)

அதேதான், மேடம். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் அந்த வேரிலிருந்து தனித்துப் பிரித்தார்கள். ரத்த அழுத்தம் குறைவதும் இதே காரணத்தால்தான், பரிவு நரம்பின் நார்அட்ரினலின் கிடங்கு காலியாகிறது. மூளையிலும் காலியாவதால் சிலருக்கு மனச்சோர்வு வந்தது, இப்போது யாரும் அதிகம் எழுதுவதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பன்றி மண்ணீரலையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடத்தி காலியான பிறகும் நரம்பு வேலை செய்தது என்றால் வகுப்பில் கண்டிப்பாக ஒரு கை உயரும்.

வெண்பன்றிப் பண்ணை

நான் படித்தது பி.காம்., இப்போது வெண்பன்றி வளர்க்கிறேன். பாதி புரியவில்லை என்றாலும் ஆர்வமாகப் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு கேள்வி. பால் மறக்கடித்த குட்டிகளுக்குத் தண்ணீர் மாதிரிப் போகிறதே, அதற்கும் நீங்கள் பேசும் இந்தக் குடல் நரம்புக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? கிருமி என்று மட்டும்தான் இதுவரை கேள்விப்பட்டிருக்கிறேன்.

குடல்நோய் மருத்துவர்

உண்டு, நேரடியாகவே உண்டு. நான் மனிதர்களைப் பார்க்கும் மருத்துவர், ஆனால் இந்த இடத்தில் பன்றிக் குடலும் மனிதக் குடலும் மிக நெருக்கம்.

குட்டிகளுக்கு அந்த வயதில் வருவது பெரும்பாலும் நச்சு சுரக்கும் இ.கோலை. அந்த நச்சு குடல் உள்சுவரின் செல்களை நேரடியாகத் தாக்கி நீரைச் சுரக்கவைக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு மண்டலம் இருக்கிறது, மூளையைக் கேட்காமல் வேலை செய்யக்கூடியது. உள்சுவரில் நடப்பதை உணரும் நரம்பு செல், சளிப்படலத்துக்கு அடியில் இருக்கும் இன்னொரு செல்லைத் தூண்டுகிறது. அந்த இரண்டாவது செல் வி.ஐ.பி.யும் அசிட்டைல்கோலினும் விடுகிறது, உள்சுவர் செல்கள் குளோரைடைக் குடலுக்குள் தள்ளுகின்றன, தண்ணீர் பின்னாலேயே போகிறது. காலரா நச்சு இப்படி நரம்பு வழியாகவும் வேலை செய்கிறது என்று ஸ்வீடனின் கோதன்பர்க்கில் லுண்ட்கிரனும் யோடாலும் விலங்குகளில் காட்டினார்கள். நரம்பை மரத்துப்போகச் செய்தபோது சுரப்பு கணிசமாகக் குறைந்தது.

வி.ஐ.பி. மட்டும் எவ்வளவு செய்யும் என்பதற்கு மனிதர்களில் ஒரு நோயே இருக்கிறது. கணையத்தில் அபூர்வமாக ஒரு கட்டி வரும், அது வி.ஐ.பி.யைக் கொட்டும். 1958இல் வெர்னரும் மோரிசனும் விவரித்தார்கள், அப்போது வி.ஐ.பி. என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. கிருமியே இல்லாமல் நாளுக்கு 3 லிட்டருக்கு மேல் தண்ணீராகப் போகும், உடலில் பொட்டாசியம் வற்றிவிடும். அடக்குவதற்கு இன்று ஆக்ட்ரியோடைடு கொடுக்கிறோம். அது சொமாட்டோஸ்டாட்டினின் செயற்கை உறவு. மாணவி தன் பட்டியலில் எழுதிய அதே சொமாட்டோஸ்டாட்டின்.

என்கெஃபலின் இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது, குடல் சுரப்பைக் குறைக்கும். குழந்தைகள் வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசலோடு சில மருத்துவர்கள் ரேசகாடோட்ரில் பொடி எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மருந்து உடம்பில் ஏற்கெனவே இருக்கும் என்கெஃபலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். பன்றி மூளையில் கண்டெடுத்த ஐந்து அமினோ அமிலச் சங்கிலி, கடைசியில் ஒரு வயதுக் குழந்தையின் மருந்துச் சீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பண்ணைக்காரருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு மனித வயிற்றுப்போக்கு மாத்திரை எதையும் குட்டிகளுக்குக் கொடுத்துவிட வேண்டாம். குடல் அசைவை நிறுத்தும் மருந்துகள் நச்சையும் கிருமியையும் உள்ளேயே பூட்டிவைக்கும்.

கள கால்நடை மருத்துவர்

டாக்டர் சொன்னதை வழிமொழிகிறேன். பண்ணை நண்பரே, குட்டி சாவது பெரும்பாலும் நீர் வற்றித்தான். எலக்ட்ரோலைட் கரைசல், காய்ந்த தரை, சூடு இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். தாய்ப்பன்றிக்குச் சினைக் காலத்தில் போடும் இ.கோலை தடுப்பூசி, சீம்பால் வழியாகப் பிறந்த குட்டிகளைக் காக்கும். பால் மறந்த பிறகு அந்தப் பாதுகாப்பு இருக்காது. தீவனத்தை ஒரே நாளில் மாற்றாமல் படிப்படியாக மாற்றுங்கள். கழிச்சல் பரவினால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்த்த பிறகே ஆன்டிபயாட்டிக்.

பேச்சு நரம்பு முடிச்சைப் பற்றி என்பதால் பண்ணைக்குத் தேவையான இன்னொன்று. குடற்புழு நீக்க லெவாமிசோல் கொடுக்கிறீர்கள் அல்லவா? அது புழுவின் தசையில் நிக்கோட்டின் போல வேலை செய்து அதை இறுகவைக்கிறது. பன்றியின் நரம்பு முடிச்சுகளிலும் அதே வகை ஏற்பி இருக்கிறது. பரிவு முடிச்சானாலும் எதிர்ப்பரிவு முடிச்சானாலும், தண்டுவடத்திலிருந்தோ மூளைத்தண்டிலிருந்தோ வரும் நரம்பு அங்கே பேசுவது அசிட்டைல்கோலினில்தான். அளவு மீறினால் பன்றி எச்சில் ஒழுகும், நடுங்கும், வாந்தி எடுக்கும், மூச்சு திணறும். எடை போட்டுப் பார்த்துக் கொடுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

வெண்பன்றிப் பண்ணை

ரொம்ப நன்றிங்க டாக்டர். எடை போடும் தராசு வாங்கத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், இனி வாங்கிவிடுகிறேன்.

கேள்விக்குறி

மண்ணீரல் சான்றை ஏற்கிறேன், நல்ல வேலை. ஆனால் முதல் கேள்வி இன்னும் பாக்கி. ஒரே முடிச்சில் பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு வெவ்வேறு கலவை எதற்கு? இதற்குத் தெளிவான பதில் கினிப்பன்றியில்தான் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஃபர்னஸும் மார்செல்லோ கோஸ்டாவும் குடல் நரம்பு செல்களை ஒவ்வொரு வகையாகப் பிரித்து, எது எங்கே போகிறது என்று வரைபடமே போட்டார்கள். அங்கே வயிற்று முடிச்சில் நார்அட்ரினலினோடு நியூரோபெப்டைடு ஒய் வைத்திருக்கும் செல் ரத்தக் குழாய்க்குப் போகிறது. சொமாட்டோஸ்டாட்டின் வைத்திருப்பது சளிப்படலத்துக்கு அடியிலிருக்கும் சுரப்பு நரம்புகளை அடக்கப் போகிறது. இரண்டும் இல்லாதது குடல் அசைவைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பின்னலுக்குப் போகிறது. கலவையைப் பார்த்தே செல்லின் முகவரியைச் சொல்லிவிடலாம். இவ்வளவு துல்லியம் பன்றியில் இல்லை. விலையும் அதிகம், இடமும் அதிகம். ஆய்வுக்கு ஏன் பன்றி என்று வழிகாட்டியைக் கேளுங்கள்.

குடல்நோய் மருத்துவர்

கேள்விக்குறியோடு இங்கே எனக்கு உடன்பாடில்லை. கினிப்பன்றி வரைபடம் அற்புதமான வேலைதான், ஆனால் அதை அப்படியே மனிதனுக்கு மாற்றினால் தடுமாறுவோம். சில உதாரணங்கள் சொல்கிறேன்.

பன்றி வி.ஐ.பி.யும் மனித வி.ஐ.பி.யும் ஓர் அமினோ அமிலம்கூட மாறாமல் ஒன்றே. கினிப்பன்றியுடையது 4 இடங்களில் வேறு. குடலின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: கினிப்பன்றிச் சிறுகுடலில் சளிப்படலத்துக்கு அடியில் நரம்புப் பின்னல் ஓர் அடுக்கு. பன்றியில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று எனத் தனித்தனிப் பின்னல்கள், மனிதனிலும் ஒரே அடுக்கு இல்லை. அந்த இரண்டு அடுக்குகளின் செல்களும் கலவையில் வேறுபடுகின்றன என்று பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் திம்மர்மான்ஸ் குழு பன்றியில் விரிவாகக் காட்டியிருக்கிறது. ஒரே அடுக்கு உள்ள விலங்கை வைத்து இதை ஆராயவே முடியாது. மூன்றாவது, உணர்வைப் பிடிக்கும் டோகியல் இரண்டாம் வகை செல்கள். பன்றிச் சிறுகுடலில் அவற்றில் சி.ஜி.ஆர்.பி. என்ற இன்னொரு பெப்டைடு இருக்கிறது, கினிப்பன்றியில் அந்தச் செல்களில் இல்லை.

இதெல்லாம் படிப்புக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒற்றைத் தலைவலிக்கு 2018இல் எரெனுமாப் என்ற ஊசி மருந்து வந்தது, சி.ஜி.ஆர்.பி.யின் ஏற்பியை அடைப்பது. சிலருக்கு அது கடுமையான மலச்சிக்கலைத் தந்ததால் அமெரிக்க மருந்துத் துறை பிறகு எச்சரிக்கை சேர்த்தது. தலைவலி ஊசிக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நோயாளிக்குப் பதில் சொல்ல, குடல் நரம்பில் எந்தச் செல்லில் எது இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

பன்றியும் அச்சு அசல் மனிதன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மனித நியூரோபெப்டைடு ஒய்யில் 17ஆவது இடத்தில் மெத்தியோனின், பன்றியில் லூசின். பன்றி கேலனினில் 29 அமினோ அமிலம், வாலில் அமைடு. நம்முடையதில் 30, அமைடு கிடையாது. தத்தேமோட்டோ மனிதக் குடலில் தேடியிருந்தால் கேலனின் அவர் வலையில் விழுந்தே இருக்காது.

கேள்விக்குறி

கடைசி வரி எனக்குத் தெரியாத செய்தி. ஏற்புடைய வாதம். ஆனால் பன்றியில் அந்த "முகவரி" ஒழுங்கு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் யாராவது சொல்லுங்கள்.

திசுவியல் மாணவி

நான் படித்த அளவில் சொல்கிறேன். ஒழுங்கு இருக்கிறது, ஆனால் கினிப்பன்றியைப் போல ஒரு கலவைக்கு ஓர் இலக்கு என்ற கணக்கில் இல்லை. ஓல்ஷ்டின்காரர்கள் ஃபாஸ்ட் புளூ சாயத்தைச் சிறுநீர்ப்பைச் சுவரிலோ குடல் சுவரிலோ ஊசியால் போடுகிறார்கள். நரம்பு நுனி அதை உறிஞ்சி, ஆக்சான் வழியே பின்னோக்கிச் செல்லின் உடலுக்குக் கொண்டுபோகிறது. சில வாரம் கழித்து முடிச்சை வெட்டிப் பார்த்தால் அந்த உறுப்புக்குப் போகும் செல் மட்டும் நீலமாக ஒளிரும். அந்த நீல செல்லில் வேறு என்னென்ன இருக்கிறது என்று ஆன்டிபாடியால் பார்க்கிறார்கள். நியூரோபெப்டைடு ஒய் பன்றியில் ரத்தக் குழாய்க்கு மட்டும் ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை, சிறுநீர்ப்பைக்குப் போகும் செல்களிலும் நிறைய இருக்கிறது.

என்னை உண்மையில் கவர்ந்தது வேறு. அந்தக் கலவை நிலையானதே இல்லை. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலோ, வீக்கம் வந்தாலோ, சிறுநீர்ப்பைக்குள் ரெசினிஃபெராடாக்சின் போன்ற, உணர்வு நரம்பைத் தாக்கும் பொருளைச் செலுத்தினாலோ, தூரத்தில் முடிச்சில் உட்கார்ந்திருக்கும் செல்லின் கலவை மாறுகிறது. பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பினால் ஏ, வறுத்த உணவில் உண்டாகும் அக்ரிலமைடு இவற்றைத் தீவனத்தோடு கொடுத்தபோது குடல் நரம்பு செல்களிலும் மாற்றம் பார்த்திருக்கிறார்கள். பன்றி வெளியே நோயின் அறிகுறி எதுவும் காட்டாதபோதே.

மருந்தியல் (ஓய்வு)

ஆய்வுக்கு இதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், அம்மா. எலியின் கழுத்து முடிச்சில் ஆக்சானை வெட்டினால், நார்அட்ரினலின் தயாரிக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் குறையும், நியூரோபெப்டைடு ஒய்யும் குறையும், கேலனினும் வி.ஐ.பி.யும் ஏறும். செல் தன் வழக்கமான வேலையைக் குறைத்துக்கொண்டு பிழைப்பதற்கும் மறுபடி வளர்வதற்கும் திரும்புகிறது என்பது இதற்குப் பொதுவான விளக்கம். கேலனின் ஏறுவதை நரம்பு செல் அடிபட்டதன் அடையாளமாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நலமான பன்றியில் கிடைக்கும் சதவீதத்தை மட்டும் எழுதினால் கேள்விக்குறி கேட்டதுபோல யாரும் கேட்பார்கள். எந்தச் சூழலில் எது மாறுகிறது என்று காட்டினால் அதற்கு அர்த்தம் வரும்.

உயிரியல் ஆசிரியை

2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் பன்றி இதயத்தை மனிதருக்குப் பொருத்தினார்களே, அந்த இதயத்துக்கு நரம்பு எங்கிருந்து வரும்? வகுப்பில் ஒரு பையன் கேட்டான்.

குடல்நோய் மருத்துவர்

வெளியிலிருந்து வரும் வேகஸ், பரிவு நரம்புகள் எடுக்கும்போதே அறுபடுகின்றன. மனித இதயமாற்றத்திலும் இதே கதைதான், வேகஸின் கடிவாளம் இல்லாததால் ஓய்விலும் துடிப்பு வேகமாக இருக்கும், வேகஸின் விளைவை மறிக்கும் அட்ரோபின் கொடுத்தாலும் துடிப்பு மாறாது. ஆனால் இதயத்தின் மேல் கொழுப்புத் திட்டுகளுக்குள் சின்னச் சின்ன நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன, அவை இதயத்தோடேயே வந்துவிடும். அந்த நோயாளி சுமார் இரண்டு மாதம் வாழ்ந்தார். அத்தனை நாளும் அவர் மார்புக்குள் பன்றியின் நரம்பு செல்களும் இருந்தன என்று பையனிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அசிட்டைல்கோலின் செல்கள்.

ஆய்வக உதவியாளர்

மாணவிக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நான் பல வருடமாகத் திசு வெட்டுகிறேன்.

இறைச்சிக்கூடத்தில் திசு எடுப்பதாக இருந்தால் பார்மால்டிஹைடு கரைசலை அங்கேயே கொண்டுபோங்கள். பெப்டைடு காத்திருக்காது. பின் மிசென்டெரிக் முடிச்சைத் தேட அதே பெயருள்ள தமனி பெருந்தமனியிலிருந்து கிளம்பும் இடத்தைப் பிடியுங்கள், பன்றியில் கண்ணுக்கே தெரியும் அளவில் இருக்கும். நிலைப்படுத்திய பிறகு சுக்ரோஸில் மூழ்கும்வரை வைத்து, அப்புறம் கிரையோஸ்டாட்டில் (உறையவைத்து மெல்லியதாக வெட்டும் கருவி) வெட்டுங்கள். டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் மட்டும் பார்த்து நார்அட்ரினலின் செல் என்று எழுதிவிடாதீர்கள், டோபமைனை நார்அட்ரினலினாக மாற்றும் டோபமைன் பீட்டா ஹைட்ராக்சிலேஸும் சேர்ந்து ஏற வேண்டும்.

செல் உடலில் பெப்டைடு மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் செய்தவுடன் ஆக்சானுக்குள் ஏற்றி அனுப்பிவிடுகிறது. கடத்தலை நிறுத்த கோல்கிசின் போடுவார்கள், பெப்டைடு செல்லிலேயே தேங்கி நன்றாக ஏறும். இறந்த பன்றியில் இதைச் செய்ய முடியாதே என்று நினைக்க வேண்டாம். குடல் துண்டை உடனே குளிர்ந்த ஊட்டக் கரைசலில் கொண்டுவந்து, தட்டில் விரித்து ஊசி குத்தி, கோல்கிசின் சேர்த்து ஓர் இரவு வளர்ப்பில் வைத்தால் போதும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்களே கண்வலிக்கிழங்கு, நம் செங்காந்தள், அதன் விதையில் இருப்பதும் இதே கோல்கிசின்தான். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கொடிய நஞ்சு.

திசுவியல் மாணவி

மிக்க நன்றி அண்ணா. வழிகாட்டியிடம் பேசிவிட்டேன். நலமான குட்டியின் சிறுகுடலையும் கழிச்சல் கண்ட குட்டியின் சிறுகுடலையும் எடுத்து, இரண்டு அடுக்குப் பின்னலிலும் வி.ஐ.பி., கேலனின் இரண்டையும் ஒப்பிடுவதாக முடிவு. இரண்டுக்கும் என்னிடம் இருப்பவை முயலில் செய்த ஆன்டிபாடிகள். ஒரே வெட்டில் சேர்த்துப் போடலாமா?

ஆய்வக உதவியாளர்

கூடாது. முயலைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி இரண்டையும் ஒன்றாகவே பிடிக்கும், எல்லா செல்லிலும் இரண்டும் இருப்பதாகத் தெரியும். ஒன்றை எலியிலோ கினிப்பன்றியிலோ செய்ததாக வாங்குங்கள். வி.ஐ.பி. ஆன்டிபாடியைத் தூய வி.ஐ.பி.யோடு முன்கூட்டியே கலந்து ஒரு வெட்டு, பி.எச்.ஐ.யோடு கலந்து இன்னொரு வெட்டு போடுங்கள். முதலாவதில் சாயம் மறைய வேண்டும், இரண்டாவதில் மறையக் கூடாது. வி.ஐ.பி.யும் பி.எச்.ஐ.யும் ஒரே முன்னோடிப் புரதத்திலிருந்து வெட்டப்படுபவை, சங்கிலியும் ஒத்திருக்கும், அதனால் இந்தச் சோதனை இல்லாமல் எண்ணத் தொடங்க வேண்டாம். எண்ணும்போது எது நலமான குட்டி, எது கழிச்சல் குட்டி என்று உங்களுக்கே தெரியாதபடி ஸ்லைடுகளுக்கு வேறு யாரையாவது எண் போடச் சொல்லுங்கள்.